கார் பிளாஸ்டிக் பாகங்கள்: வார்ப்பும் இணைப்பும், கேட்டதும் சொன்னதும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் (உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தி அடிக்கும் வேலை) 11 வருஷம், பிறகு வெல்டிங் லைனில் 13 வருஷம் ஓட்டியவன் நான். முதல் 11 வருஷமும் வெல்டிங்காரர்களைத் திட்டினேன். அடுத்த 13 வருஷம் மோல்டிங்காரர்களைத் திட்டினேன். இரண்டாவது திட்டில்தான் நியாயம் அதிகம். ஏன் என்பது பதில்களில் தெரியும்.

சார், டிப்ளமோ இரண்டாம் வருஷம் படிக்கிறேன். இன்டேக் மேனிஃபோல்டை ஏன் இரண்டு மூன்று துண்டாக அடித்து ஒட்டுகிறார்கள்? ஒரே ஷாட்டில் அடிக்க முடியாதா?

அடித்திருக்கிறார்கள், தம்பி. இன்ஜின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற பாகம்தான் மேனிஃபோல்டு, அதற்குள் குழாய்கள் வளைந்து வளைந்து போகும். குழாயின் உள்வெளி உருவாக உள்ளே வைக்கிற கோர் இரும்பாக இருந்தால் அதை வெளியே உருவ வழியில்லை. அதனால் வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த உலோகத்தில் கோரை வார்த்து, மோல்டுக்குள் வைத்து, அதன்மேல் நைலானை அடித்தார்கள். பிறகு சூடான திரவத் தொட்டியில் முக்கினால் கோர் உருகி ஓடிவிடும், குழாய் மட்டும் நிற்கும்.

அந்த உலோகம் 138 டிகிரியில் உருகும். நைலான் 66 உள்ளே வரும்போது 280 டிகிரிக்கு மேல் இருக்கும். அப்படியிருந்தும் கோர் ஏன் அடிக்கும்போதே உருகவில்லை? உலோகம் சூட்டை மளமளவென்று உள்ளே இழுத்துப் பரப்பிவிடும், பிளாஸ்டிக்கிடம் அந்த வேகத்தில் கொடுக்கச் சூடு இல்லை. கோரின் மேல்தோல் உருகுவதற்குள் நைலான் உறைந்துவிடும். அழகான யோசனைதான். ஆனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கனமான உலோகக் கோர் ஒன்று, அதை வார்க்க ஒரு மெஷின், உருக்க ஒரு தொட்டி என்று செலவு எகிறியது. துண்டுகளை உரசி உருக்கி ஒட்டும் வைப்ரேஷன் வெல்டிங் வந்து அதை ஓரங்கட்டிவிட்டது.

வைப்ரேஷன் வெல்டிங்கில் பிரஷரை ஏற்றினால் வெல்டு பலமாகும் என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். ஏற்றினால் டென்சைல் (இழுத்தால் தாங்கும் பலம்) குறைகிறது. யார் சொல்வது சரி?

உங்கள் டெஸ்டிங் மெஷின் சொல்வதுதான் சரி.

உள்ளங்கையைத் தேய்த்தால் சூடாகிறதல்லவா, அதேதான் இது. கீழ்ப்பாதி அசையாது, மேல்பாதி வினாடிக்கு 240 தடவை, ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு முன்னும் பின்னும் உரசும். ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் விஜய் ஸ்டோக்ஸ் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, 1988-ல் வெளிவந்த கட்டுரைகளில் நான்கு கட்டங்களாக எழுதினார். முதலில் வெறும் உரசல். பிறகு உருகத் தொடங்குவது. மூன்றாவதில், உருகுகிற அளவும் பக்கவாட்டில் பிதுங்கி ஓடுகிற அளவும் சமமாகிவிடும். நான்காவது, அசைவு நின்று ஆறுவது. மூன்றாம் கட்டத்தைத் தொட்டபின் எவ்வளவு நேரம் ஆட்டினாலும் ஃபிளாஷ்தான், அதாவது வெளியே பிதுங்கிய கழிவுதான் கூடும்.

பிரஷரை ஏற்றினால் உருகிய படலம் மெலிந்துவிடும். பலத்துக்காக நைலானில் கலந்த கண்ணாடி இழைகளில் அங்கே மிச்சமிருப்பவையும் எதிர்ப்பக்கத்துக்குள் நுழையாமல் வெல்டு கோட்டோடு படுத்துக்கொள்ளும். 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்த நைலான் 66 உலர்ந்த நிலையில் 180 மெகாபாஸ்கல் பக்கம் தாங்கும். வெல்டு அதில் பாதியைத் தொட்டாலே கையெடுத்துக் கும்பிடலாம். அந்த இடத்தில் பலம் தருவது வெறும் நைலான்தான், இழை இல்லை. அதனால்தான் வெல்டு விளிம்பைச் சுவரைவிட அகலமாக வரைகிறோம். சூப்பர்வைசரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஓசூரில் ஷிப்ட் இன்ஜினியராக இருக்கிறேன். அதே மெஷின், அதே செட்டிங். மழைக்காலம் வந்தால் லீக் டெஸ்டில் ரிஜெக்‌ஷன் ஏறுகிறது. சர்வீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு மெஷின் நன்றாக இருக்கிறது என்கிறார்.

மெஷின் நன்றாகத்தான் இருக்கும். அடித்த பாதிகள் வெல்டிங்குக்கு வரும்வரை எங்கே கிடக்கின்றன?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே கூத்து நடந்தது. சனிக்கிழமை அடித்த பாதிகளை டிராலியில் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், திங்கட்கிழமை காலை வெல்டு போடுவார்கள். திங்கட்கிழமை மட்டும் லீக். பிரஷர், நேரம், ஃபிக்ஸ்சர் என்று இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் ஒரு பீஸை வைஸில் மாட்டி, வெல்டு கோட்டிலேயே பிளந்து பார்த்தேன். ஆப்பத்தின் நடுவில் பொத்துப் பொத்தாக இருக்குமே, அப்படி இருந்தது உள்ளே. நைலான் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். உரசலில் அந்த ஈரம் ஆவியாகி, உருகிய படலத்துக்குள் குமிழியாக மாட்டிக்கொள்ளும்.

அடித்த சூட்டோடு வெல்டு போடுங்கள். முடியாவிட்டால் ஈரம் புகாத, அலுமினியத் தாள் உறையிட்ட பையில் போட்டு வாயை ஒட்டிவையுங்கள். ஏற்கெனவே ஈரம் குடித்ததை 80 டிகிரியில் காயவைக்கலாம், ஆனால் அது மணிக்கணக்கில் ஆகும் வேலை.

இன்னொன்றும் பாருங்கள். இரண்டு பாதியையும் கிரானைட் மேசைமேல் கவிழ்த்துவைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். இழை ஓடும் திசையில் நைலான் குறைவாகச் சுருங்கும், குறுக்கே அதைவிட இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். கேட், அதாவது பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய், இடம் தப்பினால் பாதி முறுக்கிக்கொண்டு வரும். அதை வெல்டிங்கில் அமுக்கி நேராக்கி ஒட்டினால், பிறகு வாழ்நாள் முழுக்க அது பிரியத்தான் பார்க்கும்.

ஹெட்லேம்ப் பாலிகார்பனேட் லென்ஸும் பாலிபுரொப்பிலீன் ஹவுசிங்கும். பசை ஹவுசிங் பக்கம் மட்டும் தோலாக உரிந்து வருகிறது.

பாலிபுரொப்பிலீன்மேல் எதுவும் ஒட்டாது, எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி. பிளாஸ்மாவோ தீச்சுடரோ காட்டியபிறகுதான் பசை பிடிக்கும். காட்டியதும் பசை போடுங்கள், நாள் ஆக ஆக அந்தக் குணம் மங்கும். மேற்பரப்பில் பசை பிடிக்குமா என்று சோதிக்கும் டைன் பேனாவால் கோடு இழுத்துப் பாருங்கள்: மை முத்து முத்தாகத் திரண்டால் மேற்பரப்பு தயாராகவில்லை. மோல்டிங்கில் பாகம் அச்சில் ஒட்டாமலிருக்கச் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிக்கிறார்களா என்றும் நைசாக விசாரியுங்கள். பெரும்பாலும் திருடன் அங்கேதான் இருப்பான்.

லேசர் வெல்டிங்கில் மேலேயும் கறுப்பு, கீழேயும் கறுப்பு. லேசர் எப்படி உள்ளே போகிறது, அண்ணா?

நம் கண்ணுக்குத்தான் இரண்டும் கறுப்பு. கீழே கார்பன் பிளாக் போட்டது, லேசரை விழுங்கிச் சூடாகும். மேலே இருப்பது சாயக் கறுப்பு, 808 முதல் 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கு அது கண்ணாடி மாதிரி. ஒளி மேல்பாகத்தைக் கடந்து, இரண்டும் சேரும் இடத்தில் உருக்கும். ஃபிளாஷ் கிடையாது, தூள் உதிராது, அதனால் சென்சார் பெட்டிகளுக்கு உகந்தது. ஆனால் இரண்டு பாகமும் ஒட்டி உட்கார வேண்டும். வைப்ரேஷன் மேடு பள்ளத்தை உருக்கிச் சமாளிக்கும், லேசர் அவ்வளவு மன்னிக்காது. மறுபடியும் மோல்டுதான்.

எம்.இ. புராஜெக்டுக்கு வைப்ரேஷன் வெல்டிங்கில் டகுச்சி முறை (குறைந்த சோதனைகளில் நல்ல செட்டிங்கைத் தேடுவது) எடுக்கலாமா? நேரம், பிரஷர், வீச்சு மூன்றையும் மாற்றி?

எடுக்கலாம் அம்மா, ஆனால் அதையே நிறையப் பேர் எடுத்தாயிற்று. அரைத்த பழைய நைலானை 10, 20, 30 சதவீதம் கலந்து பாதிகளை அடித்து, வெல்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். புதுக் கார் பிளாஸ்டிக்கில் 25 சதவீதம் மறுசுழற்சியில் வந்ததாக இருக்கவேண்டும் என்று 2023-ல் ஐரோப்பிய ஆணையம் வரைவு வைத்தது. அதனால் இந்தக் கேள்விக்குக் கம்பெனிகளே காது கொடுக்கும். அரைக்கும்போது இழை உடைந்து குட்டையாகும், பாகத்தின் பலம் விழும். வெல்டில் இழைக்கு ஏற்கெனவே வேலை இல்லையே, அங்கே எவ்வளவு விழும்? எண்ணோடு நிற்காமல் வெல்டைக் குறுக்கே வெட்டி, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்பில் படம் எடுங்கள். மோல்டிங், டெஸ்டிங் வசதிக்குக் கிண்டியில் இருக்கிற சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் கேட்டுப்பாருங்கள். 1968-லிருந்து இருக்கிற இடம்.

மேனிஃபோல்டில் வெல்டு விட்டு விசில் சத்தம் வருகிறது, ஐடிலிங் ஏறி இறங்குகிறது. மெக்கானிக் எபாக்ஸி பூசித் தருகிறேன் என்கிறார். பூசலாமா?

வேண்டாம். இன்ஜின் சூட்டில் நைலான் விரிந்து சுருங்கும்போது பூச்சு வெடிக்கும். உடைந்த சில்லு உள்ளே போனால் வால்வு வரைக்கும் போகும். புது மேனிஃபோல்டு போடுங்கள், கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.