“எனக்கு ஒன்றுமில்லை, அடுத்தவர் சொல்லுங்கள்”

அன்புள்ள ஆலோசகருக்கு,

4 வருடமாக எங்கள் சபையின் வீட்டுக் குழுவுக்குப் போகிறேன். 8 பேர். 7 மணி என்றால் ஏழரைக்குத்தான் ஆரம்பிக்கும். வேதப் பகுதியை வாசித்துவிட்டு வருவது நான் ஒருத்திதான். ஒரு சகோதரி வாராவாரம் தன் மகனைப் பற்றியே சொல்லி அழுவார். போன வாரம் 25 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தேன். இப்படியே போனால் ஆவிக்குரிய வளர்ச்சி எங்கிருந்து வரும்? குழுத் தலைவரிடம் சொன்னால் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார். ஜெபக் குறிப்பு கேட்கும்போது, நேரமாவது மிஞ்சட்டும் என்று “எனக்கு ஒன்றுமில்லை, அடுத்தவர் சொல்லுங்கள்” என்றுவிடுவேன். அம்மா இறந்ததிலிருந்து தனியாக ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை, 10 மாதமாகிறது. அது வேறு விஷயம். ஆனால் வேதத்தை ஒழுங்காகப் படிக்காத குழுவில் இருந்து என்ன பயன்? தாமதமாக வருகிறவர்களை ஒருவரும் கேட்பதில்லை. வேறு குழுவுக்கு மாறிவிடலாமா?

- ஒரு சகோதரி

அன்புச் சகோதரி,

‘அது வேறு விஷயம்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கென்னவோ அதுதான் விஷயமாகப் படுகிறது. அம்மா போய் 10 மாதம். அந்த 10 மாதமும் 7 பேர் வாராவாரம் “உங்களுக்கு என்ன ஜெபக் குறிப்பு?” என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஒன்றுமில்லை என்றிருக்கிறீர்கள். அது நேரத்தை மிச்சப்படுத்த என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சகோதரி எத்தனை நிமிடம் அழுதார் என்று எழுதிய நீங்கள், மகனுக்கு என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. குழு எதற்காகக் கூடுகிறதோ அதைச் செய்கிறவர் அவர்தான்.

1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் ஆட்கள், ஜெபவீடு கட்டிய கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில்தான் யார் எப்படி வாழ்கிறார்கள் என்பது தெரிந்தது. காசுக் கணக்குக்காகப் பிரித்த 12 பேர் குழுக்கள், ஒருவர் ஆத்துமாவை மற்றவர் விசாரிக்கும் இடமாக மாறிவிட்டன. நீங்களும் கணக்கோடுதான் போகிறீர்கள், சரி. ஆனால் கணக்கோடேயே திரும்பி வந்துவிடுகிறீர்கள்.

ஜெபிக்க வார்த்தை வராததை விசுவாசக் குறைவு என்று நினைத்துத்தான் மறைக்கிறீர்களோ? துக்கம் அப்படித்தான் வாயைக் கட்டிப்போடும். நாலு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய திமிர்வாதக்காரன், அதாவது பக்கவாத நோயாளி, ஒரு வார்த்தை பேசியதாக மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதவில்லை. இயேசு கண்டது ‘அவர்கள்’ விசுவாசத்தை, சுமந்து வந்தவர்களுடையதையும் சேர்த்து. தனியாக முடியாத காலத்துக்குத்தானே நாலு பேர்!

ஏழரைக்கு ஆரம்பிப்பது எனக்கும் பிடிக்காதுதான். தலைவரிடம் இன்னொரு தரம் சொல்லிப் பாருங்கள். குழு மாறுவது இப்போது வேண்டாம், அங்கேயும் போய் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வீர்கள். தூக்கமும் சாப்பாடும்கூடக் கெட்டிருந்தால் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள்.

இந்த வாரம் உங்கள் முறை வரும்போது, “அம்மா போனதிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். அழுகை வரும், 25 நிமிடம்கூட ஆகலாம். முடிந்தால் அந்தச் சகோதரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.