கண்மாய் அதிகாரம் கேட்ட தீர்மானம் எங்கே நிற்கிறது?

கேள்வி: மேலூர் வட்டத்தில் 2,400 பேர் உள்ள ஊராட்சி எங்களுடையது. கண்மாய் மடை உடைந்தால்கூட ஒன்றிய அலுவலகத்துக்கும் நீர்வளத்துறைக்கும் நடையாய் நடக்கிறோம். அதனால் பராமரிப்பு அதிகாரத்தை எங்கள் ஊராட்சிக்கே தரச் சொல்லி 2025 ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். இன்னமும் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்கிறார்கள். 15,000 ரூபாய் கொடுத்தால் அரசாணையே வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆள் வைத்து வாங்குவதற்கு அரசாணை ஒன்றும் வில்லங்கச் சான்று இல்லை. அது கோட்டையில், துறைச் செயலாளர் கையெழுத்தில் வெளியாவது. ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பதெல்லாம் ஒரு லெட்டர்பேடும், அதிகாரிகளோடு எடுத்த நாலு போட்டோவும்தான். ‘தீர்மான நகல் எடுத்துத் தர்றேன்’ என்று 500 ரூபாயில் ஆரம்பிப்பார்கள். அப்புறம் ‘மேலிடச் செலவு’ என்பார்கள். மூன்றாம் மாதம் போனை எடுக்க மாட்டார்கள். அந்த நகலை நீங்களே 10 ரூபாயில் கேட்கலாம். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

கிராம சபைத் தீர்மானம் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி என்று யாரோ ஊருக்கு ஊர் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் பக்கத்து அரிட்டாபட்டியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சரி. ஆனால் டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஜனங்கள் மதுரை வரை நடந்தே வந்தார்கள், அதற்கப்புறம் ஜனவரி 23-இல்தான் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தவிர, ‘எங்களுக்கு இது வேண்டாம்’ என்று மறுப்பது வேறு, ‘இதை எங்களிடம் கொடு’ என்று அதிகாரம் கேட்பது வேறு. அரசியல் சட்டத்தில் ஊராட்சிகளுக்கென்று 29 பொருள்கள் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மாநிலம் அவற்றைக் ‘கொடுக்கலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. 1993-இல் அமலுக்கு வந்த திருத்தம் அது. கேரளம் 1996-லேயே திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க ஆரம்பித்துவிட்டது. நம் ஊரில் மடைக்குக் கதவு மாட்ட மூன்று மேசை ஏற வேண்டியிருக்கிறது.

உங்கள் தீர்மானத்தைப் பரிசீலிப்பவர் முதலில் பார்ப்பது வருகைப் பதிவேட்டை. உங்கள் ஊர் அளவுக்கு 100 பேராவது வந்திருக்க வேண்டும். அடுத்தது வாசகம். ‘கண்மாயை ஊராட்சி எடுத்துக்கொள்கிறது’ என்று எழுதியிருந்தால் அதிகாரத்தை மீறிய தீர்மானம் என்று ஆட்சியரே ரத்து செய்யலாம். ‘ஒப்படைக்குமாறு அரசைக் கோருகிறது’ என்று இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: அது யாருடைய கண்மாய்? அதன் தண்ணீர் பாயும் நிலமான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, உள்ளே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. உங்கள் தீர்மானத்தில் இரண்டு பேரையும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இரண்டு பேருமே ‘எங்களுடையது இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு, கவனமாகக் கேளுங்கள். நாம் வாய்க்கு வந்தபடி எதையும் கண்மாய் என்கிறோம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில், அதாவது சர்வே எண்வாரியான நிலப் பதிவேட்டில், அதே நீர்நிலை ஊருணி என்றோ குட்டை என்றோ இருக்கலாம். ஊருணியும் குட்டையும் ஏற்கெனவே கிராம ஊராட்சியின் பராமரிப்பில் உள்ளவை. உங்களிடம் இருக்கிற அதிகாரத்தையே தரச் சொல்லிக் கேட்டால், கேட்டவரும் காத்திருப்பார், பதில் சொல்ல வேண்டியவருக்கும் என்ன எழுதுவதென்று தெரியாது. பெரிய கண்மாயை ஒட்டிச் சின்ன ஊருணி இருந்து, இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடும் ஊர்களும் உண்டு. ஆகவே பெயரை நம்பாதீர்கள், சர்வே எண்ணைப் பாருங்கள். பதிவேட்டு விவரத்தை இணையத்திலேயே பார்க்கலாம்.

வண்டல் மண் அள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அந்தக் கோரிக்கையை நீக்கிவிடுங்கள். 2024 முதல் அதற்குத் தாசில்தார் அனுமதியே போதும்.

இன்னொரு வேடிக்கை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துபோனதால், நீங்கள் தீர்மானம் போட்டபோது வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தலைவருக்குப் பதிலாக ஊராட்சியை நடத்தும் தனி அலுவலர். தீர்மானத்தை ஊராட்சி சார்பில் அனுப்ப வேண்டியவரும் அவர், ஒன்றிய அலுவலகத்தில் வாங்க வேண்டியவரும் அவர். தன் மேசையிலிருந்து தன் மேசைக்கு ஒரு தாள் போக எத்தனை மாதம் ஆகும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். தீர்மான நகல், வருகைப் பதிவேட்டு நகல், தீர்மானம் யாருக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, கோப்பு எண் என்ன, இவ்வளவு மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். சர்வே எண் கிடைத்ததும் எனக்கும் எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு வாசகத்தைத் திருத்தித் தருகிறேன், லெட்டர்பேடு இல்லாமல்.