ஒரே ஒரு தேர்தல் நாட்டின் வர்த்தகக் கொள்கையை மாற்றிவிடுமா?

மாற்றும். ஆனால் மக்கள் போட்ட வாக்கு ஒரு பக்கமும், வந்து சேரும் கொள்கை இன்னொரு பக்கமுமாகப் போவதும் உண்டு. கனடாவின் 1988 தேர்தலைப் பாருங்கள்.

அமெரிக்காவுடன் தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் போட்டிருந்தார் பிரதமர் பிரையன் மல்ரோனி. எதிர்க்கட்சியான லிபரல் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த நாடாளுமன்ற மேலவையான செனட், மக்கள் தீர்ப்பு வரட்டும் என்று அந்த மசோதாவை நிறுத்திவைத்தது. ஆகவே தேர்தலே ஒப்பந்தத்தின் மீதான வாக்கெடுப்பு போல ஆகிவிட்டது. அதை எதிர்த்த லிபரல் கட்சியும் புதிய ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து பாதிக்கு மேல் வாக்கு வாங்கின. மல்ரோனிக்குக் கிடைத்தது 43 சதவீதம்தான். ஆனால் நம் ஊர் போலவே அங்கும் தொகுதியில் முந்தியவருக்கே வெற்றி. எதிர்ப்பு வாக்கு இரண்டாகப் பிரிய, 295 இடங்களில் 169 அவர் கட்சிக்குப் போயின. 1989 ஜனவரி 1 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பெரும்பான்மையின் அச்சம் இப்படி ஓரங்கட்டப்பட்டது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

அடுத்த தேர்தலில், 1993-இல், அதே ஆளுங்கட்சி வெறும் 2 இடங்களுக்குச் சுருங்கியது. புதிய விற்பனை வரி, பொருளாதார மந்தம், கியூபெக்கிலும் மேற்கு மாகாணங்களிலும் முளைத்த புதுக் கட்சிகள் என்று காரணங்கள் பல. வென்ற லிபரல் கட்சியின் ஜான் கிரெத்தியன், மெக்சிகோவையும் சேர்த்த நாஃப்டா ஒப்பந்தத்தை மறுபேச்சுக்குக் கொண்டுவருவோம் என்று சொன்னவர். ஆனாலும் 1994 ஜனவரி 1 அன்று அவர் ஆட்சியிலேயே அது அமலுக்கு வந்தது.