ராஜாவுக்கு ஒன்பது வயது என்றால் ஆட்சி யார் கையில்?

"சின்னப் பையன் அரசனானால், அவன் பெயரில் ஆளும் பிரபு எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுருட்டியவர்கள் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த ஆள், இங்கிலாந்தில் சிறுவன் மூன்றாம் ஹென்றியின் பெயரில் ஆண்ட பிரபு வில்லியம் மார்ஷல்.

1216 அக்டோபரில் ஜான் மன்னர் இறந்தபோது மகன் மூன்றாம் ஹென்றிக்கு வயது 9. லண்டனோ பிரெஞ்சு இளவரசர் லூயியை அழைத்துவந்த கலகக்காரர்கள் கையில். அதனால் குளோஸ்டரில் அவசர முடிசூட்டு. முறையான கிரீடம்கூட இல்லை, ஒரு பொன்வளையத்தை வைத்துச் சமாளித்தார்கள். ஆட்சிப் பொறுப்பை ஏற்ற மார்ஷலுக்கோ கிட்டத்தட்ட 70 வயது! மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனமான, ஜான் ஒதுக்கித்தள்ளிய மாக்னா கார்ட்டாவைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். கலகத்துக்கான காரணம் பாதி கரைந்தது. 1217-இல் லிங்கன் போரில் தானே குதிரையேறி வென்றார். அப்புறம் லூயி 10,000 மார்க் (அக்காலப் பணக்கணக்கு) வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

சரி, சுருட்டலைத் தடுத்தது எது? அரச ஆவணங்களைச் செல்லுபடியாக்கும் முத்திரை. 1218 வரை ஹென்றிக்கென்று ராஜமுத்திரையே கிடையாது, மார்ஷலின் சொந்த முத்திரைதான் ஓடியது. புதியது செய்த கையோடு, ராஜா வயதுக்கு வரும்வரை எதையும் நிரந்தரமாக எழுதித் தரக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். நம் ஊரில் மைனர் சொத்தை கார்டியன் இஷ்டத்துக்கு விற்க முடியாதே, அதுபோல. 1219-இல் சாகும் தறுவாயில், பையனை எந்தப் பிரபுவிடமும் விடாமல் போப்பின் தூதரிடம் ஒப்படைத்தார் மார்ஷல்.