8 வாட் வால்வு ஆம்புக்கு எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் ஒத்துவருமா?

300பி வால்வு போட்ட 8 வாட் சிங்கிள் எண்டட் ஆம்ப் (ஒலி அலை முழுவதையும் ஒரே வால்வு கையாளும் ஆம்ப்ளிஃபையர்) கையில் இருக்கிறது, 86 டெசிபல் சென்சிட்டிவிட்டி (குறிப்பிட்ட வோல்ட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) உள்ள எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரை ஓட்ட அந்த 8 வாட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாட் கணக்கைப் பிறகு பார்க்கலாம். இந்த ஜோடியில் முதலில் இடிப்பது அது இல்லை. வாட்டையே எண்ணிக்கொண்டிருந்து ஒரு வருடம் ஏமாந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

என்னிடம் இருந்ததும் இதே வகை ஆம்ப்தான். இணைத்த அன்றே குரல்கள் கண்ணெதிரே வந்து நின்றன. ஆனால் சிம்பல் ஓசை மட்டும் பஞ்சில் சுற்றிவைத்த மாதிரி இருந்தது. வால்வு என்றால் இப்படி இதமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் நண்பர் ஒருவர் தன்னுடைய சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பைக் கொண்டுவந்து மாட்டினார். அதே பாட்டு, அதே ஸ்பீக்கர். டிரம்மின் மேல் பிரஷ் உரசுவது முதல்முறையாகக் காதில் விழுந்தது. ‘இதம்’ என்று நான் நினைத்தது காணாமல் போன ட்ரெபிள், அதாவது உயர் அதிர்வெண் ஒலி.

எங்கே போனது? எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரில் சாதாரண ஸ்பீக்கரில் உள்ள அசையும் காயில் கிடையாது. சில ஆயிரம் வோல்ட் ஏற்றிய மெல்லிய படலம், அதன் இருபுறமும் துளையிட்ட தகடுகள், ஆம்பின் சிக்னலைப் பல மடங்கு உயர்த்தித் தகடுகளுக்குக் கொடுக்கும் ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். ஆம்பின் பக்கமிருந்து பார்த்தால் இது கிட்டத்தட்ட ஒரு கெபாசிட்டர். அதிர்வெண் ஏற ஏற இம்பீடன்ஸ் (மாறும் சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு) இறங்கும். 1957-இல் குவாட் நிறுவனர் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த முதல் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரான குவாட் இஎஸ்எல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு 16 ஓம். பாஸில் 30 ஓமை ஒட்டிப் போகும், 20 கிலோஹெர்ட்ஸில் 2 ஓமுக்கும் கீழே விழும். பாஸுக்கு மட்டும் சாதாரண கோன் ஸ்பீக்கர் சேர்த்த இன்றைய ஹைப்ரிட் வகைகளில் சில 1 ஓமுக்கும் கீழே போகின்றன.

இப்போது உங்கள் ஆம்ப். 300பியின் உள் எதிர்ப்பு ஏறத்தாழ 700 ஓம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 3500 ஓமை 8 ஓமாக்குகிறது என்றால், 700-ஐ 8 ஆல் பெருக்கி 3500 ஆல் வகுங்கள்: 1.6 ஓம். ஸ்பீக்கருக்குத் தெரியும் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் இதுதான். சுற்றுக் கம்பியின் எதிர்ப்பையும் சேர்த்தால் 2 ஓமை எட்டிவிடும். ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிட்டுப் பிழையைத் திருத்துவது) இல்லாத ஆம்பில் இதைக் குறைக்க வேறு ஆள் இல்லை. ஸ்பீக்கர் 16 ஓமாக நிற்கும் இடத்தில் இந்த 2 ஓம் தின்பது 1 டெசிபல்தான். அதே ஸ்பீக்கர் 2 ஓமுக்கு இறங்கும் உச்சியில் 3 முதல் 6 டெசிபல் வரை போய்விடும். அங்கே லோடு எவ்வளவு கெபாசிட்டர்போல நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தது. ஆக, வாங்கும்போது யாரும் சொல்லாத ஒரு டோன் கண்ட்ரோல் உங்கள் செட்டில் ஒளிந்திருக்கிறது.

செலவில்லாத முதல் வைத்தியம், ஸ்பீக்கர் கம்பியை ஆம்பின் பின்புறம் 8 ஓம் முனையிலிருந்து கழற்றி 4 ஓம் முனையில் மாட்டுவது. ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் பாதியாகும். விலையாகக் கொடுப்பது உச்ச வால்யூமில் சுமார் 3 டெசிபல். ட்ரெபிள் வேண்டுமா, சத்தம் வேண்டுமா என்று பேரம் பேச வேண்டிய நிலைதான். என் அறையில் இது பாதி வேலை செய்தது.

அந்த வாட் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். 8 ஓமில் 8 வாட் என்றால் 8 வோல்ட். 86 டெசிபல் என்பது 2.83 வோல்ட்டுக்கான அளவு என்றால், 8 வோல்ட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் வரும். குரல், வயலின், சிறு குழு இதெல்லாம் நிம்மதியாகக் கேட்கலாம். முழு ஆர்கெஸ்ட்ரா பொங்கி எழும் இடத்தில் ஆம்ப் மூச்சுத் திணறும். 4 ஓம் முனைக்குப் போனால் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே திணறும்.

அதற்காக 100 வாட் ஆம்பைத் தூக்கிக்கொண்டு பழைய இஎஸ்எல் பக்கம் போய்விடாதீர்கள். அது தாங்கும் உச்சம் 33 வோல்ட். அதைத் தாண்டினால் பேனலில் தீப்பொறி பறக்கும், ஓட்டை விழும். வாக்கரின் சொந்த குவாட் II (1953) வெறும் 15 வாட். 16 ஓமில் அது தரும் உச்சம் 22 வோல்ட் அளவுதான், பேனலுக்கு ஆபத்தே இல்லை. அதில் இரண்டு கேடி66 வால்வுகள் புஷ்-புல்லாக, அதாவது அலையின் மேல்பாதி கீழ்பாதியைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்யும்; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலேயே வால்வின் கத்தோடு முனைக்குத் தனிச் சுற்று, அதற்கு மேல் ஃபீட்பேக். இவை அவுட்புட் இம்பீடன்ஸைக் குறைக்கும். குறைந்த வாட், குறைந்த அவுட்புட் இம்பீடன்ஸ் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்ததால்தான் அந்த ஜோடி பேர்வாங்கியது என்பது என் கட்சி.

ஃபீட்பேக் கூடினால் நல்லதுதானே என்றால், அதற்கும் ஒரு எல்லை உண்டு. கெபாசிட்டர் லோடும் டிரான்ஸ்ஃபார்மரின் ஃபேஸ் மாற்றமும் சேர்ந்தால், சரியாக வடிவமைக்காத ஆம்ப் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆஸிலேட் ஆகும். பாட்டே இல்லாதபோது வால்வின் பிளேட் சிவந்தால் உடனே அணைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆஸிலோஸ்கோப் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். பெரும்பாலான மல்டிமீட்டர்கள் அந்த உயரத்தில் பொய்தான் சொல்லும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ஸ்பீக்கரை வாங்குவதற்கு முன் உங்கள் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போய் 4 ஓம் முனையில் மாட்டிக் கேளுங்கள். கூடவே ஒரு டிரான்சிஸ்டர் ஆம்பும் இருக்கட்டும், இல்லாவிட்டால் என்னைப் போல் இதம் என்று நினைத்துவிடுவீர்கள். இரண்டுக்கும் ட்ரெபிளில் பெரிய வித்தியாசம் தெரிந்தால், மிதமான ஃபீட்பேக் உள்ள 15 முதல் 30 வாட் புஷ்-புல் வால்வு ஆம்ப் ஒன்றைத் தேடுங்கள். நான் அதைத்தான் செய்தேன். 300பியை விற்க மனம் வரவில்லை. அது இப்போது இன்னொரு அறையில் ஹார்ன் ஸ்பீக்கரோடு சந்தோஷமாக இருக்கிறது.