“உன்னை எலியாக்கப் பார்க்கிறார்கள்” என்று அம்மா அழுகிறார்

கேள்வி: எனக்கு 37 வயது. மூன்று வருடமாக மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சை எடுக்கிறேன். இரண்டு மாத்திரைகள் மாற்றியாகிவிட்டது. முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடாக இருக்கிறது. போன தடவை டாக்டர், “இங்கே ஒரு ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா?” என்று கேட்டுச் சில தாள்களைக் கொடுத்தார். வீட்டில் காட்டியதும், “உன்னை எலியாக்கப் பார்க்கிறார்கள்” என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். இப்படி ஒன்று இருப்பதே எனக்கு இதுவரை தெரியாது. சேரலாமா? முடியாது என்று சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடைசிக் கேள்வியில்தான் அதிக பயம் தெரிகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் தாராளமாக முடியாது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னதற்காக இப்போது கிடைக்கும் சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது. சேர்ந்த பிறகு பாதியில் மனம் மாறினாலும் விலகலாம். மனநலச் சிகிச்சையில் இருப்பவரை ஆய்வில் சேர்க்க அவருடைய சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் வேண்டும் என்று 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் தாள்களிலும் இது எழுதியிருக்க வேண்டும். தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்கிறீர்கள். வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் பலர் என்னிடம் இதையேதான் சொல்கிறார்கள். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் ஐந்து நிமிடத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்டு முடிப்பதே பெரிய காரியம். ஆனால் நீங்கள் விழுங்கும் மாத்திரையும் யாரோ சிலர் ஆய்வில் சேர்ந்ததால்தான் உங்களிடம் வந்திருக்கிறது. மனச்சோர்வுக்கான 21 மருந்துகளைப் பற்றி நடந்த 522 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியானது. அதில் இருந்தவர்கள் 1.16 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் உங்களைப் போல மனச்சோர்வால் சிரமப்பட்டவர்கள்தான்.

ஆய்வு என்றாலே புது மாத்திரை என்றும் நினைத்துவிட வேண்டாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கடுமையான மனச்சோர்வோடு வந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் அவர்களில் ஒரு பகுதியினரை ஆறு முதல் எட்டு தடவை சந்தித்துப் பேசினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் நோய் தணிந்திருந்தது. பேச்சும் சேர்ந்து கிடைத்தவர்களில் அது 64 சதவீதம். 2017-இல் வெளியான முடிவு இது. அதனால் உங்களிடம் கேட்கப்படுவது மாத்திரையா, பேச்சா, வேறு ஏதாவதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் சரியான சம்மதம் வாங்காமல் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013-இல் விதிகள் இறுக்கப்பட்டன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2019-ஆம் வருட விதிகள். அவற்றின்படி, புது மருந்து ஆய்வுக்கு, சேர்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆய்வில் சேர்ந்தவருக்குப் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும், ஆய்வால்தான் வந்தது என்றால் இழப்பீடும் தர வேண்டும். எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, பாதியில் விலகும் உரிமையும் அதற்கு இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. சிகிச்சையில் டாக்டர் உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்த்து மருந்து தருகிறார். ஆய்வில் சேர்பவர்களைப் பெரும்பாலும் குலுக்கல் மாதிரிதான் பிரிவுகளாகப் பிரிப்பார்கள். எந்தப் பிரிவில் விழுவீர்கள் என்பதை டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரைகூடத் தரப்படலாம். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாமல் இருக்கலாம். “டாக்டரே கேட்கிறார் என்றால் எனக்கு நல்லதாகத்தான் இருக்கும்” என்று நினைத்துக் கையெழுத்துப் போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. நல்லதாக இருக்கலாம். அது தெரியாததால்தான் ஆய்வே நடக்கிறது.

அப்புறம், இந்த நோயே உங்களுக்குப் பதிலாக முடிவெடுக்கப் பார்க்கும். மனச்சோர்வு கனத்திருக்கும் நாளில் “என்ன ஆனால் என்ன, போட்டுவிடுவோம் கையெழுத்தை” என்று தோன்றும். பதற்றம் ஏறிய இரவில் பக்க விளைவுப் பட்டியலைப் படித்தால் அத்தனையும் உங்களுக்கே வரப்போவதாகத் தோன்றும். இந்த இரண்டு நேரங்களிலும் முடிவெடுக்காதீர்கள். கொஞ்சம் தெளிவாக இருக்கும் ஒரு பகல் பொழுதில், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். தாள்கள் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை.

படிக்கும்போது ஒரு கேள்வியை விடாதீர்கள்: இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? சில ஆய்வுகளில் அப்படி உண்டு. நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம், திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் என்று தனித் தொல்லைகளும் வரலாம். எப்படிக் குறைப்பார்கள், நிலைமை மோசமானால் ராத்திரியில் யாருக்கு போன் செய்வது, ஆய்வு முடிந்த பிறகு பழைய சிகிச்சை தொடருமா என்றெல்லாம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். செலவு என்று ஆய்வுக்காக உங்களிடம் பணம் கேட்டால் விலகி வந்துவிடுங்கள்.

நம் நாட்டில் நடக்கும் ஆய்வுகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசு இணையதளம் 2007 முதல் இருக்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் தாளில் பதிவு எண் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். யார் நடத்துகிறார்கள், எந்தெந்த ஊர்களில், யாரைச் சேர்ப்பார்கள், நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைத்ததா என்பதெல்லாம் இருக்கும். பக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், தெரிந்த பிள்ளைகள் யாரையாவது உட்கார வைத்துப் பாருங்கள்.

சேரலாமா என்ற கேள்விக்கு, அந்தத் தாள்களைப் பார்க்காமல் நான் பதில் சொல்வது தப்பு. அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்பதையெல்லாம் கேட்கட்டும். டாக்டரிடம், “படித்தேன், இன்னும் சில சந்தேகம் இருக்கிறது, யோசிக்க டைம் வேண்டும்” என்று சொல்லுங்கள். நல்ல ஆய்வாளர் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். இதற்கிடையில் மனம் ரொம்பக் கீழே போனால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.