ஒரு வருஷம் அப்ரண்டிஸ் போனால் வீணா?

அன்புள்ள அம்மா,

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த மகன் பத்து மாதமாக வீட்டில் இருக்கிறான், இப்போது கம்பெனியில் அப்ரண்டிஸாக, அதாவது தொழிற்பழகுநராகப் பயிற்சி பெறும் வாய்ப்பு வந்திருக்கிறது, ஆனால் "ஒரு வருஷம் வேலை வாங்கிவிட்டுக் கழற்றிவிடுவார்கள்" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மைதான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, பயிற்சி முடிந்ததும் அதே கம்பெனி வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால்தான் உண்டு.

இருந்தாலும் அனுப்புங்கள் என்றே சொல்வேன்.

என்னிடம் வரும் பையன்களை மாதிரி நேர்முகத் தேர்வில் உட்கார வைத்து, "இதுவரை என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்பேன். கல்லூரியிலிருந்து நேராக வந்தவன் புராஜெக்ட் பெயரைச் சொல்லிவிட்டு வாயடைத்துப் போவான். ஒரு வருஷம் அப்ரண்டிஸ் முடித்த ஒருவன் சொன்னது இது: "லேத் கடைசல் மெஷினில் புஷ்ஷுன்னு குழல் மாதிரி ஒரு பாகம் கடைந்தேன் சார். வெளிவிட்டம் 0.05 மி.மீ. கூடிப்போய் ரிஜெக்ட் ஆச்சு. டூல் முனை தேய்ந்திருந்ததை நான் கவனிக்கல. அதிலிருந்து பத்து பீஸுக்கு ஒருதடவை வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்ப்பேன்." மதிப்பெண் பட்டியலைப் பிறகு யார் புரட்டுகிறார்கள்? ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய் நிற்பது, சூப்பர்வைசர் திட்டினால் முகத்தைத் தூக்காமல் இருப்பது, இதெல்லாம் வகுப்பறையில் வராது.

சரி, எங்கே ஏமாறுவோம்? பயிற்சி என்ற பெயரில் பெட்டி தூக்க விடும் இடங்களும் இருக்கின்றன. அதனால் அந்த வாய்ப்பு, டிப்ளமோ, டிகிரி படித்தவர்களுக்கான தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமான 'நாட்ஸ்' தளத்தில் பதிவானதா என்று முதலில் பாருங்கள். தென் மாநிலங்களில் இதைக் கவனிக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் பையனுக்குத் தரும் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. எந்தப் பிரிவில் எத்தனை மாதம் என்று பையனையே கேட்கச் சொல்லுங்கள்; நீங்கள் கூடப் போய்க் கேட்காதீர்கள். பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று யாராவது பணம் கேட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

இது அமையாவிட்டாலும் வழி இருக்கிறது. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தை நடத்தும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் குறுகிய காலப் பயிற்சிகளும் தருகிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து வையுங்கள். அங்கே நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் அவன் போய் வரட்டும். முதல் முகாமில் ஒன்றும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், நாலு பேரிடம் பேசும் கூச்சமாவது போகும்.

இன்னொன்று, முதல் இரண்டு வாரம் சேஃப்டி ஷூ காலைக் கடிக்கும், "பிடிக்கலம்மா" என்பான். உடனே நின்றுவிடச் சொல்லாதீர்கள். ஒப்பந்தம் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.